வாளியில் தண்ணீர்

“பின்னால சாமான் ஏதும் ஏத்துவீங்களா அண்ணே? அதச் சொன்னாத்தான் எத்தனை கம்பி போடலாம்னு பார்க்க முடியும் லா.”

டாக்டரின் நச்சரிப்பால் வாங்கிய பந்தய சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் கட்டித் தரச் சொல்லி ஈப்போவில் ஒரு சைக்கிள் கடையில் நின்றிருந்தேன். வேலை முடிந்து வந்த அலுப்பு. கேட்டுக்கொண்டே கடைக்காரர் ஒரு சக்கரத்தின் கம்பிகளை விரலால் சுண்டினார்.

அப்பாவும் இப்படித்தான் சுண்டுவார். எஸ்டேட்டில் தானும் அம்மாவும் மரம் சீவி எடுத்த ரப்பர் பாலை இரண்டு வாளிகளில் ஊற்றி, பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கவிட்டு, பால் நிறுக்கும் ஸ்டோருக்கு மிதிப்பார். சட்டையில் புளித்த பால் நாற்றத்தோடு வீடு திரும்பியதும், குளிக்கும் முன்பே கம்பிகளைச் சுண்டிப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும்போது வாளி இருக்காது. சைக்கிள் கோணல்மாணலாகப் போகும். பூசைக்குக் கட்டிய சேலை கசங்குமென்று முணுமுணுக்கும் அம்மாவிடம், “ஏறி உக்காரு. பாரம் இல்லாட்டி எனக்கு ஓட்ட வராது” என்பார்.

எஸ்டேட்டை விற்றார்கள். ஈப்போ ஓரத்துச் சிலிபினுக்குக் குடிவந்தோம். வேலை தேடிக் கிளம்பிய முதல் நாள், அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினார். மறுநாள் அந்தப் பழைய வாளிகளில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டுக்கொண்டு போனார்.

“என்னண்ணே விக்கிறீங்க?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

“ஒண்ணும் இல்லம்மா.”

கடைக்காரர் இன்னும் என் பதிலுக்குக் காத்திருந்தார்.

“ஒண்ணும் இல்ல லா” என்றேன். என் குரலும் அப்பாவுடையதைப் போலவே களைத்திருந்தது.