முதலில் ஏறிய மூட்டை

என் கணவர் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். வெள்ளைக்காரன் காலத்திலேயே சேர்ந்தவர். சுதந்திரம் வந்த பிறகும் அதே லாரி, அதே காக்கி. மேலே உட்கார்ந்திருந்த ஆட்கள்தான் மாறினார்கள். நோட்டன் பிரிட்ஜில் இருந்த சின்ன முகாமில் எங்களுக்கு ஓர் அறையும் சமையல்கட்டும் கொடுத்திருந்தார்கள். எங்கள் மகள் அங்கேதான் பிறந்தாள்.

நுவரெலியாவுக்கு மாற்றல் வந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். சளி மட்டும் அவளை விட்டதே இல்லை. தூக்கினால் நெஞ்சில் கர்கர் என்று சத்தம் கேட்கும். நோட்டனே இப்படி என்றால் நுவரெலியாக் குளிரில் இவளை எப்படி வைத்துக் காப்பாற்றுவது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை.

பட்டாளத்துக் குடும்பம் வீடு மாறுகிற லட்சணத்தைச் சொல்ல வேண்டும். சாமான்களுக்கு ஒரு லாரி வரும். குடும்பம் அதில் ஏறக்கூடாது. நாங்கள் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய், ரயில் பிடித்து, நானுஓயாவில் இறங்கி, மறுபடியும் பஸ் ஏற வேண்டும். ஏற்றி இறக்க முகாமிலிருந்து ஆட்களை அனுப்புவார்கள். அவர்களுக்கு அரிசி மூட்டையும் தொட்டிலும் ஒன்றுதான். துப்பாக்கிக்கு எண்ணெய் போட நேரம் வைத்திருந்த பட்டாளத்தில், போன இடத்தில் ஒரு பெண்பிள்ளை அடுப்புப் பற்றவைக்க நேரம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

என் கணவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் வளர்ந்தவர். லயத்தில் ஒரு காம்பராவிலிருந்து இன்னொரு காம்பராவுக்குக் குடி போனால், உப்பும் மஞ்சளும் விளக்கும் எடுத்துக்கொண்டு ஒரு சுமங்கலி முன்னால் நடப்பாள். கட்டிலும் சட்டிபானையும் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் பின்னால் வருவார்கள். முன்னால் போவது முன்னால் சேரும். அதே நினைப்பில் அவர் ஒரு மூட்டை கட்டினார். போனதும் தேவைப்படுமே என்று மண்ணெண்ணெய் அடுப்பு, பால்மா டின், பிள்ளையின் கம்பளி, நெஞ்சில் தேய்க்கிற தைலம் எல்லாவற்றையும் அதிலேயே சேர்த்துக் கட்டினார்.

“இது மொதல்ல ஏறட்டும். உப்பு மஞ்சளுக்குப் பெறகுதான் மத்ததெல்லாம்” என்றார்.

லாரியின் உள்கோடியில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அதை வைத்தார். அதற்கு முன்னால் அலுமாரியும் பெஞ்சும் கட்டிலும் வந்து அடைத்துக்கொண்டன. தினமும் லாரியோடு மாரடிக்கிற மனுஷன். முதலில் ஏறியது கடைசியில்தான் இறங்கும் என்று அவருக்குத் தெரியாதா? சொந்த வீட்டுச் சாமான் என்றதும் டிரைவர் மறைந்து லயத்துப் பிள்ளை வந்துவிட்டார்.

அவரும் நானும் பிள்ளையும் ரயிலிலும் பஸ்ஸிலுமாக நுவரெலியா போய்ச் சேர்ந்தபோது மழை. தலவாக்கலைக்கு அப்பால் மண் சரிந்து லாரி நின்றுவிட்டது. அது வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஆட்கள் கட்டிலை இறக்கினார்கள், பெஞ்சை இறக்கினார்கள். அதற்குள் அவர்களை மேய்க்கிற கார்ப்பரல், அன்றைய வேலை முடிந்தது என்று விசில் ஊதிவிட்டார்.

“ஹெட்ட, ஹெட்ட” என்றார். மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாமாம்.

என் கணவர் சிங்களத்தில் கெஞ்சினார். உள்ளே இருக்கிற ஒரு மூட்டை மட்டும் போதும் என்றார். அந்த ஒன்றை எடுக்க மற்ற எல்லாவற்றையும் மழையில் இறக்கியாக வேண்டும். படுதாவை இழுத்துக் கட்டி, லாரியை ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கட்டில் இருந்தது, விரிக்க ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா தேத்தண்ணியும் தன் போர்வை ஒன்றும் கொடுத்தாள். என் சேலையையும் அதையும் பிள்ளைக்குச் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மூட்டை வந்தது. கம்பளியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பிள்ளைக்கு அதற்குள் காய்ச்சல் ஏறிவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் எங்களை விட்டுப் போய்விட்டாள்.

நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் டாக்டர். மூட்டையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? கம்பளி கையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. என்ன பதில் வந்தாலும் என்னால் தாங்கியிருக்க முடியாது.

வெகுகாலம் என் கணவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் ஒருநாள் முகாம் துரையைப் பார்த்து, இனி குடும்பங்கள் மாறும்போது சாமான் ஏற்றுகிற பொறுப்பைத் தனக்குத் தரும்படி கேட்டுவிட்டு வந்தார்.

“கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா?” என்றேன்.

“கெட்டது நம்ம கண்ணு. மத்தவங்க கண்ணாவது நல்லா இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு அந்த முகாமில் வழக்கம் மாறியது. அடுப்பு, பால்மா, போர்வை, மருந்து எல்லாம் ஒரே மூட்டையாகக் கடைசியில், பின்கதவை ஒட்டி ஏறும். உப்பையும் மஞ்சளையும் வீட்டுக்காரி கையிலேயே கொடுத்து ரயிலில் அனுப்பிவிடுவார். மங்கலமும் முந்திக்கொள்ளும், மூட்டையும் முந்திக்கொள்ளும். வருகிற குடும்பம் என்றால், மழையோ விசிலோ, அடுப்பு எரியாமல் ஆட்களை நகர விடமாட்டார். கார்ப்பரலே பிறகு அவருக்குப் பயந்தார். பெண்கள் அவரை “மூட்டைக்கார அண்ணே” என்று கேலி செய்வார்கள். புதிதாக வந்த வீட்டில் ஒரு பிள்ளை சூடாகப் பால் குடித்துவிட்டுத் தூங்குவதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பொறாமையாகவும் இருக்கும். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

சில வருஷம் கழித்து எங்களுக்கே மாற்றல் வந்தது, அனுராதபுரத்துக்கு. அன்றைக்கு எல்லாவற்றையும் முறைப்படி ஏற்றினார். கடைசி மூட்டையும் ஏறிய பிறகு, கூட வேலை செய்த பையன்களில் ஒருவன் கேட்டான்.

“வேற ஏதாவது இருக்காண்ணே? பூட்டிரலாமா?”

அவர் முகாமுக்குப் பின்னால் இருந்த மேட்டைப் பார்த்தார். பிள்ளையை அங்கேதான் அடக்கம் செய்திருந்தோம்.

“இருக்கு. அத ஏத்த முடியாது. நீ பூட்டு” என்றார்.

குளிர் ஆகாத பிள்ளை. அவளை அந்தக் குளிரிலேயே விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் வெயில் ஊருக்குப் போனோம்.