புல் இல்லாத வாசல்

பினாயில் வாடை எங்கே வந்தாலும் அந்த நாய்க்குட்டி நினைவுக்கு வந்துவிடும். நாகலூர் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் செல்வியக்கா தன் வீட்டில் வளர்த்துக் கொடுத்த குட்டி. ஏற்காட்டில் என் வீட்டு வாசல் முழுக்க சிமெண்ட். குட்டி அங்கே போகாமல் கூடத்திலேயே மூத்திரம் போனது. ஒவ்வொரு முறையும் அதன் மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்து அடித்துவிட்டு, பினாயில் ஊற்றித் துடைத்தேன்.

ஒரு மழைநாளில் குட்டியைப் பார்க்க அக்கா வந்தார். நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யத்தான் கையைத் தூக்கினேன். குட்டி தரையோடு ஒட்டிப் படுத்து, நடுங்கியபடியே மூத்திரம் விட்டது. அக்கா என் கையையே பார்த்தார். கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

“வாசல்ல புல்லு இல்லீங்களே அக்கா, அதான் இன்னும் பழகல” என்றேன்.

“வா சாமி, போலாம்” என்று குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவர் படியிறங்கினார். மூடுபனிக்குள் மறையுமுன் ஒருமுறை திரும்பினார்.

“எங்க ஊட்டு வாசல்லயும் புல்லு இல்லீங்க, சார்.”