என் பெயரை நீக்காதே

துப்பாக்கி முனையில் நடந்த அந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, எங்கள் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில் பொழுது சாய்ந்தாலே ஊரடங்குதான். சமபுலா பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் நானும் அண்ணனும் ஒரு ஜப்பானிய வீடியோ கேம் ஆடிக்கொண்டிருப்போம். வாள்வீரர்களையும் மந்திரவாதிகளையும் கட்டம் கட்டமாக நகர்த்திச் சண்டை போடவேண்டும். வீரர்களுக்கு எங்கள் தெருக்காரர்களின் பெயர்களை வைத்திருந்தோம். ரொட்டிக்கடை முனியம்மா அக்கா வில் எய்வார். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர், தீவின் பூர்வகுடிக்காரர் ஸேரு காயத்தை ஆற்றுவார்.

தெருவில் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளிக்காரர்கள் யாராவது பயந்து நாட்டைவிட்டு விமானம் ஏறினால், அண்ணன் அவர்களைப் படையிலிருந்து நீக்கிவிடுவான். நீக்கும்போது அந்த வீரன் திரையில், "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் படையில் நாங்கள் இருவரும் ஸேருவும் மட்டும் மிஞ்சியபோது, எங்கள் இருவருக்கும் ஆக்லாந்து விசா வந்தது. அன்று மாலையே அண்ணன் என் பெயரை நீக்கப் போனான். நான் கண்ட்ரோலரைப் பிடுங்கினேன்.

"என் பேர எடுக்காதண்ணே. நான் வரல."

"பைத்தியமா ஒனக்கு? நீயும் ஸேருவும் மட்டும் நின்னு எப்படி ஜெயிப்பீங்க?"

"ஜெயிச்சாத்தான் இங்க இருக்கணுமா? எவனோ துப்பாக்கி தூக்கினா, பொறந்த ஊர நான் ஏன் உடணும்?"

அண்ணன் போய்விட்டான். அவன் பெயரை நீக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த சண்டையில் படுதோல்வி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஸேரு சிரித்துக்கொண்டே, "மறுபடி போடு" என்று எங்களிடம் வழக்கமாகப் பேசும் இந்தியில் சொன்னார். போட்டேன்.

நீ ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். நான் அந்த வீரனின் கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

நான் என்ன தப்பு செய்தேன்?