முதல் ஷிஃப்ட் விடுவதற்குள்

நெய்வேலி நகரியத்தில் ஒரு பள்ளியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பெற்றோர் பலருக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. அவர்களை நேரில் வரவழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வசதிப்பட்ட நேரத்தை அவர்களே பார்த்துச் சொல்லட்டுமே என்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நாட்காட்டி ஒன்றைப் பயன்படுத்த வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். மாணவர் பெயரையும், எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பி, என் நினைவுக்காக அவரவர் பிரச்சினையையும் அதில் குறித்தேன். பெருமையோடு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு லிங்க் அனுப்பினேன்.

சற்று நேரத்தில் ஒரு மாணவியின் அம்மா போன் செய்தார்.

"மேடம், அதை உடனே எடுத்துடுங்க! எம்பொண்ணு பேருக்கு நேரா, ராத்திரியில அழுவுறான்னு போட்டிருக்குது. எல்லாப் புள்ளைங்களுதும் தெரியுதுங்க. ஷிஃப்ட் விட்டா எல்லாரும் போனைத்தான் பார்ப்பாங்க."

முதல் ஷிஃப்ட் விட இன்னும் அரை மணிதான் இருந்தது. குழுவிலிருந்து லிங்க்கை அழித்தேன், நாட்காட்டியையும் நீக்கினேன். நல்லவேளை, அதுவரை செய்தியைப் பார்த்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

திரும்ப அழைத்து மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"பரவால்லைங்க. அதுல எங்க பக்கத்து குவார்ட்டர்ஸ் பையன் பேரும் இருந்துச்சு. அவங்கம்மா பாவம், வெளிய சொல்லாம தவிச்சிக்கினு இருக்காங்க போல. நான் எடுத்திருந்த நேரத்தை அவங்களுக்குக் குடுத்துடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

இப்போது புது நாட்காட்டியில் காலியான நேரங்கள் மட்டுமே இருக்கின்றன. எந்த லிங்க்கையும், மற்றவர்களுக்கு என்னென்ன தெரிகிறது என்று முதலில் என் கணவரின் போனில் திறந்து பார்த்துவிட்டே அனுப்புகிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் திறப்பவர் அந்த அம்மாவாகவே இருப்பார் என்று சொல்ல முடியாதே!