புல்லில் நின்ற பந்து

அரையிறுதியில் தோற்றால் மைதானம் பஸ் நிறுத்துகிற இடமாகிவிடும் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆடுகிற பையன்களுக்குத் தெரியாது. அவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவர் அவர்களுடைய பி.டி. சார். கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர். கால்பந்து அணிக்குப் பயிற்சியாளரும் அவர்தான்.

"சொன்னா காலு நடுங்குமுங்க மேடம். தெரியாம ஆடுனா ஆட்டமாச்சும் நல்லாருக்கும்" என்றார்.

திருச்செங்கோட்டுக்கு வெளியே உள்ள பொறியியல் கல்லூரி அது. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அதன் பின்பக்கச் சுற்றுச்சுவரும், சுவருக்கு அந்தப் பக்கம் மைதானமும் தெரியும். பத்திரிகை வேலையை விட்டு இங்கே வந்த புதிதில் மாலையில் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போவேன். பிறகு துணி காயப்போடாத நாளிலும் போனேன். ஓர் அணியின் பயிற்சியைத் தொடர்ந்து பார்த்தால் யாருக்கு எந்தக் கால் பலம், யார் திட்டினால் நன்றாக ஆடுவான், யார் திட்டினால் ஒளிந்துகொள்வான் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். அப்படித்தான் ரசிகையானேன். வெளியூர் ஆட்டங்களுக்கு நானே பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தேன். இந்த ஆண்டு கல்லூரி பஸ்ஸிலேயே எனக்கு ஓர் இருக்கை கொடுத்துவிட்டார்கள்.

கல்லூரிக்குப் பையன்களைவிட வேகமாகப் பஸ்கள் பெருகின. காலையில் ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்றி வந்தவை பகல் முழுக்க ரோட்டோரம் வரிசையாக நிற்கும். போர்வெல் போடுகிற ரிக் லாரிகள் திரும்ப இடமில்லை என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். தாளாளரின் கண் மைதானத்தின் மேல் விழுந்தது. பி.டி. சார் போய்ப் பேசியதில் ஒரு நிபந்தனையோடு திரும்பினார்: மண்டலப் போட்டியில் இறுதி ஆட்டம் வரைக்கும் போனால் மைதானம் அணிக்கு. இல்லாவிட்டால் ஜல்லி கொட்டி பஸ் நிறுத்தப்படும். காலிறுதியிலும் ஜெயித்தாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆட்டம்.

அந்த மைதானத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. செம்மண் தரை. வெயில் காலத்தில் சிமெண்டு போட்டதுபோல் இறுகிவிடும். மேலிருந்து விழும் பந்து ஆள் உயரத்துக்கு எழும்பும், உருளும் பந்து நிற்காது. அதனால் இந்த அணிக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. பின்வரிசைக்குப் பின்னால் எதிரணி நீளமாகப் பந்தை அடித்தால், கோல்கீப்பர் "உடு! உடு!" என்று கத்துவான். கத்தல் கேட்டதும் தடுப்பாட்டக்காரன் பந்தைத் தொடமாட்டான். துரத்தி வருபவனுக்கும் பந்துக்கும் நடுவே முதுகைக் கொடுத்து, கையை விரித்துக்கொண்டு ஓடுவான். பந்து தானாகவே கோட்டைத் தாண்டிப் போய்விடும். சிக்கனமான தடுப்பு. மாடியிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூடத் தவறவில்லை.

அரையிறுதி சேலத்தில், ஏற்காடு மலைப்பாதை தொடங்குகிற பக்கம் ஒரு கல்லூரியில். எதிரணியும் அந்தக் கல்லூரிதான். கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டும்போதே ரோடு ஈரமாக இருந்தது. முதல் நாள் சாயங்காலம் மலையில் மழை. பஸ்ஸிலிருந்து இறங்கிய பையன்கள் மைதானத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கோட்டுக்குக் கோடு புல். இடதுபக்கம் ஆடுகிற தடுப்பாட்டக்காரன் குனிந்து புல்லைக் கையால் தடவிப் பார்த்தான். குமாரபாளையத்துப் பையன், வீட்டில் விசைத்தறி. அணியில் அதிகம் பேசாதவன்.

"மெத்த மாதிரி இருக்குதுடா" என்றான்.

"படுத்துத் தூங்கிறாத" என்றான் கோல்கீப்பர். அவன்தான் கேப்டன்.

முதல் பாதியில் எங்கள் பையன்கள் மோசமாக ஆடவில்லை. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் அரை அடி முன்னால் போய் நின்றார்கள். தங்களிடம் ஓடி வரும் என்று எதிர்பார்த்த பந்து வழியிலேயே தளர்ந்தது. எதிரணிக்காரன் நடுவில் புகுந்து எடுத்துக்கொண்டு போனான். பாஸ் கொடுத்தவன் வாங்க வேண்டியவனைப் பார்த்தான், வாங்க வேண்டியவன் தரையைப் பார்த்தான். கோட்டுக்கு வெளியே சேலத்துப் பையன்கள் நிறையப் பேர் திரண்டிருந்தார்கள். அவர்களுக்கு வாய் நீளம்.

"ஏய் போர்வெல் காலேஜு! பந்தக் காணமா? கீழ தோண்டிப் பாரு, தண்ணியாவது வரும்!"

இடைவேளைக்குச் சற்று முன்பு எதிரணி நடுவரிசையிலிருந்து ஒரு நீளமான பந்து எங்கள் இடதுபக்க மூலைக்கு வந்தது. அவர்களுடைய வலதுபக்க ஆட்டக்காரன் குட்டையாக இருந்தாலும் நல்ல வேகம். அவன் துரத்தினான். குமாரபாளையத்துப் பையன் பந்தை முதலில் எட்டிவிட்டான். ஒரு உதை போதும், பந்து வெளியே போயிருக்கும்.

"உடு! உடு!" என்று கோல்கீப்பர் கத்தினான்.

பையன் விட்டான். முதுகைக் கொடுத்தான், கையை விரித்தான். எல்லாம் மாடியிலிருந்து நான் பார்த்தபடியே நடந்தது. பந்து மட்டும் போகவில்லை. ஈரப் புல்லில் கோட்டுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது. பையன் பந்தைக் கடந்து கோட்டுக்கு வெளியே ஓடிவிட்டான். குட்டையன் அவசரமே இல்லாமல் அதை எடுத்து நடுவே தள்ள, அவர்களில் ஒருவன் உள்ளே தட்டிவிட்டான்.

கோல்கீப்பர் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். "தொட்டிருக்கலாமுல்லடா!"

"நீதானடா உடுன்னே!"

பி.டி. சார் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

இடைவேளையில் பையன்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பி.டி. சார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். "பந்து வரட்டுமுன்னு நிக்காதீங்க சாமி. இங்க பந்து வராது, நாமதான் போவோணும்." அந்த நேரத்தில்தான் தாளாளரின் வெள்ளைக் கார் மைதானத்து ஓரம் வந்து நின்றது. சேலத்தில் ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர் எட்டிப் பார்த்திருக்கிறார். பட்டு வேட்டியோடு நேராக வட்டத்துக்குள் வந்தார். பையன்கள் எழுந்தார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க. என்ன, ஒண்ணு வாங்கிட்டீங்களாமா? சார் எல்லாஞ் சொல்லியிருப்பாரு. ஃபைனலுக்குப் போனா கிரவுண்டு உங்களுக்கு. இல்லீன்னா பஸ்ஸுக்கு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆடுங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊக்கப்படுத்துகிறோம் என்றுதான் நினைத்தார். கோல்கீப்பர் பி.டி. சாரைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பையன்களுக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியதும் முதலில் நான் கவனித்தது சத்தத்தை. ஆடுகிறவர்கள் எப்போதும் பந்து கேட்டுக் கத்துவார்கள். "இங்க, இங்க" என்பதும், பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், கெட்ட வார்த்தையும் கலந்து வரும். அது நின்றுபோயிருந்தது. யாரும் பந்து கேட்கவில்லை. பந்து தன்னிடம் வந்துவிடக் கூடாது என்று ஆடினார்கள். கிடைத்தவன் உடனே பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிட்டான். கோல்கீப்பரும் வாயைத் திறக்கவில்லை. சேலத்துக் கூட்டத்தின் குரல்தான் மைதானம் முழுக்க இருந்தது.

"லெஃப்ட் பேக்கு! அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்கு?"

எப்படியோ அவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. இடைவேளையில் பக்கத்தில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள்.

மாற்று ஆட்டக்காரன் ஒருவன் சட்டையைக் கழற்றித் தயாராக நின்றான். குமாரபாளையத்துப் பையனை எடுத்துவிடுவது சுலபம். நான் பத்திரிகையில் எழுதுகிற காலமாக இருந்திருந்தால், எடுக்காதது பயிற்சியாளரின் பிழை என்று எழுதியிருப்பேன். பி.டி. சார் மாற்று ஆட்டக்காரனை உட்காரச் சொல்லிவிட்டார்.

தாளாளர் போன் பேசிக்கொண்டே காருக்குப் போனார். கார் திரும்பி கேட்டைத் தாண்டியது. பி.டி. சார் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுத்து அதைப் பார்த்தார். ஒருமுறைதான்.

மறுபடியும் அதே மாதிரி ஒரு பந்து, அதே மூலைக்கு வந்தது. குட்டையன் துரத்தினான். கோல்கீப்பர் அதுவரை திறக்காத வாயைத் திறந்தான். வந்தது அதே சொல்தான்.

"உடு!"

பையன் விடவில்லை. ஓடிவந்த வேகத்தில் பந்தை வேலிக்கு வெளியே உதைத்தான். பந்து ரோட்டில் போய் விழுந்து ஒரு ஸ்கூட்டரை நிறுத்தியது. பிறகு திரும்பி நின்று கோல்கீப்பரைப் பார்த்துக் கத்தினான். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"இங்க உடு கிடையாதுடா! இன்னொரு தடவ உடுன்னு சொன்னீன்னா வந்து அடிப்பேன்!"

கோல்கீப்பர் "செரி, செரி. கத்தாத. ஆளப் புடி" என்றான். பின்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு மறுபடி குரல்கள் வர ஆரம்பித்தன. "இங்க கொடு", "பின்னால ஆளு", "போடா போடா". அணி ஆடத் தொடங்கிவிட்டது என்பது எனக்குக் காது வழியாகத்தான் தெரிந்தது.

சமன் செய்த கோல் ஒரு கார்னரில் வந்தது. கூட்டத்துக்குள் யாரோ ஒருவன் தலையில் பட்டு உள்ளே போனது. யார் தலை என்று என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள்.

இரண்டாவது கோலை முழுமையாகப் பார்த்தேன். நேரம் முடியப்போகிறது. நடுவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். குமாரபாளையத்துப் பையனிடம் பந்து இருந்தது. எதிரணித் தடுப்புக்குப் பின்னால், யாருமே இல்லாத இடத்துக்கு நீளமாக அடித்தான். எங்கள் முன்வரிசைப் பையன் இரண்டடி வைத்து நின்றுவிட்டான். அவன் மேல் குற்றமில்லை. செம்மண்ணில் அப்படி அடித்த பந்தைத் துரத்திப் பிடித்தவர் எவரும் இல்லை.

"நிக்கும்டா, போ! பந்து நிக்கும்!" என்று பந்தை அடித்தவன் பின்னாலிருந்து அலறினான்.

முன்வரிசைப் பையன் ஓடினான். எதிரணி கோல்கீப்பருக்குத் தன் புல் தெரியும், அவனும் வெளியே ஓடி வந்தான். இருவருக்கும் நடுவில் பந்து வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, நின்றது. எங்கள் பையனின் கால் முந்தியது, விரல் நுனி அளவுக்கு. பந்து கோல்கீப்பரின் முழங்காலுக்கு அடியில் புகுந்து மெதுவாக, நின்றுவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு மெதுவாக, கோட்டைத் தாண்டியது.

விசில் ஊதியதும் பையன்கள் புல்லில் விழுந்து புரண்டார்கள். பி.டி. சார் தள்ளிப் போய் நின்று தாளாளருக்குப் போன் செய்தார். மறுபடி செய்தார்.

"ரிங்கு போவுதுங்க மேடம். எடுக்கமாட்டீங்கறாரு. கல்யாணத்துல இருப்பாரு."

பஸ்ஸில் பாட்டும் இருக்கையில் தாளமுமாக வந்தார்கள். பி.டி. சார் முன் இருக்கையில் போனைக் கையில் வைத்தபடியே இருந்தார். சங்ககிரி தாண்டியதும் அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னது இதுதான்: "தோத்துட்டு இருக்கறப்ப போனாரு. போன் பேசிக்கிட்டே போனாரு. பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன். தாளாளர் குடும்பத்துக்குச் சொந்தமாக ஜல்லி உடைக்கிற கிரஷர் உண்டு என்பதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

பஸ் பின்பக்க கேட் வழியாக உள்ளே நுழைந்தபோது பாட்டு நின்றது. தெற்குப் பக்க கோல் கம்பத்துக்கு முன்னால், பெனால்டி அடிக்கிற இடத்தில், ஒரு லோடு ஜல்லி கிடந்தது. இரண்டாவது டிப்பர் லாரி நடு மைதானத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங்க சார், இத எவத்திக்கு கொட்டறதுங்க?"

பி.டி. சார் பஸ் முழுதாக நிற்பதற்குள் இறங்கிப் போய் லாரிக்குப் பின்னால், தொட்டி திறக்கிற இடத்தில் நின்றுகொண்டார். "கொட்டாதீங்க. கொஞ்சம் இருங்க."

"அட, எனக்கு அடுத்த லோடு இருக்குதுங்க."

"இருங்கன்னு சொல்றேனுல்ல."

நின்றபடியே தாளாளருக்கு மறுபடி போன் செய்தார். இந்த முறை எடுத்தார். பையன்கள் ஜெர்சியோடு பஸ் படியிலும் ஜன்னலிலும் நின்று அவர் முகத்தையே பார்த்தார்கள். "ஜெயிச்சுட்டமுங்க… ஆமாங்க, ரெண்டுக்கு ஒண்ணு… கடைசிலதானுங்க… வந்துருச்சுங்க. ஒரு லோடு கொட்டியாச்சுங்க… செரிங்க… செரிங்க." இடையில் நீண்ட நேரம் அந்தப் பக்கத்திலிருந்தே பேச்சு வந்தது. பிறகு போனை டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர் கேட்டார், தலையாட்டினார், வண்டியை எடுத்தார். டிப்பர் வந்த வழியே, கொட்டாமல் திரும்பிப் போனது.

"சார், அது?" என்று குவியலைக் காட்டிக் கேட்டான் கோல்கீப்பர்.

"ஃபைனல் முடியட்டும், பாக்கலாமுன்னு சொல்றாரு. கெடக்கட்டுமாமா."

"ஃபைனல்ல தோத்தா?"

பி.டி. சார் ஸ்டோர் ரூமுக்குப் போய் ஸ்பேனரோடு வந்தார். கோல் கம்பம் இரும்புக் குழாய், போல்ட் போட்டு நிறுத்தியது. பையன்கள் கேட்காமலே கூடினார்கள். கழற்றித் தூக்கி வந்து ஜல்லிக் குவியலுக்கு முன்னால் வைத்தார்கள். நேராக இருக்கிறதா என்று எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார்கள். மைதானம் அந்த அளவுக்குக் குட்டையாகிவிட்டது.

நான் வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனபோது பயிற்சி தொடங்கியிருந்தது. குமாரபாளையத்துப் பையன் மூலையில் நின்று பந்தை நீளமாக அடித்துக்கொண்டிருந்தான். அது துள்ளிக் குதித்து, யாருக்கும் சிக்காமல் சுவரில் போய் மோதியது. இறுதி ஆட்டமும் சேலத்தில், பந்து நிற்கிற அதே புல்லில்தான். அவன் போய் எடுத்து வந்து மறுபடி அடித்தான், கொஞ்சம் மெதுவாக.