மூன்றாவது மிதி

பிரேக் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. அப்படிக் கெட்டால் யாருக்கும் தெரிந்துவிடும். அது தினமும் கொஞ்சம் தேயும். ஓட்டுகிறவனின் காலும் தினமும் கொஞ்சம் அதற்கேற்ப அழுத்தி மிதிக்கப் பழகிக்கொள்ளும். இன்றைய மிதியை நேற்றைய மிதியோடு ஒப்பிட்டுப் பார்ப்போமே தவிர, பிரேக்குக்குள் உரசித் தேயும் லைனிங்கைப் புதிதாகப் போட்ட நாளின் மிதியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எனக்கு நடந்தது அதுதான். நீங்கள் இரண்டு பேரும் இப்போது வண்டி பழகுகிறீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். உங்கள் பெரியக்காவுக்கு இது தெரியும். ஆனால் அவள் வீட்டில் ஒரு நாளும் இந்தப் பேச்சை எடுத்ததில்லை.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், தண்டையார்பேட்டையில் ஒரு பருப்பு மண்டி முதலாளியிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் தெற்கத்திக்காரர். கார், ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போனது. காலையில் முதலாளியின் மகளையும் மகனையும் ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது என் முதல் வேலை. உங்கள் அக்காவும் அதே பள்ளிக்கூடம். "நம்ம வண்டி சும்மாத்தான போவுது, அவளும் அதுலயே போட்டும்" என்று முதலாளியின் மனைவி சொல்லிவிட்டார். டிரைவர் மகள் காரில் பள்ளிக்கூடம் போகிறாள் என்று எங்கள் சந்தில் எனக்கு ரொம்பப் பெருமை.

வழியில் துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் லைன் கேட் ஒன்று உண்டு. பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். கேட்டுக்கு முன்னால் மாட்டுவண்டிகளும் கைவண்டிகளும் வரிசையாக நிற்கும். நான் முதல் தடவை மிதிப்பேன், மிதி தரைவரை போகும். இரண்டாம் தடவை கொஞ்சம் பிடிக்கும். மூன்றாம் தடவை கிரீச்சென்று கத்திக்கொண்டு வண்டி நிற்கும். 'கத்துற பிரேக்குதான் கடிக்கும்' என்று எங்கள் டிரைவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. சத்தம் வந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று நானும் நம்பினேன்.

பின்சீட்டில் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டிருந்தார்கள். கேட் வந்தால் என்னோடு சேர்ந்து தரையை உதைப்பார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு." முதலாளியின் மகன் எங்கள் பக்கத்துப் பேச்சை நன்றாகப் பிடித்துக்கொண்டவன். "இன்னா அண்ணாத்த, நான் ஒதச்சாத்தான் உன் வண்டி நிக்குமா?" என்பான். நான் சிரித்துக்கொண்டே அவனோடு சேர்ந்து எண்ணுவேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் யாரையோ பார்க்க வேண்டுமென்று முதலாளியின் மனைவியும் வண்டியில் ஏறினார். கேட் வந்தது. பின்னால் ஒரு அரவமும் இல்லையே என்று கண்ணாடியில் பார்த்தேன். உங்கள் அக்கா பையனின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தாள். முதலாளியின் மகள் இரண்டு காலையும் தூக்கி முன்சீட்டின் முதுகில் முட்டுக் கொடுத்திருந்தாள். விளையாடுகிற முகமாக ஒன்றுகூட இல்லை. மூன்றாவது மிதியில் வண்டி நின்றது. முன்னால் நின்ற மாட்டுவண்டியின் மூட்டைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

"ஏ புள்ள, அவன் சட்டைய எதுக்குப் புடிச்சிருக்க?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"சும்மாம்மா" என்றாள் உங்கள் அக்கா.

பையன் சொல்லிவிட்டான். "இல்லாங்காட்டி மூக்கு இட்ச்சிக்கும்மா. அண்ணாத்த மூணு தபா மிதிச்சாத்தான் வண்டி நிக்கும்."

"மூணு தடவையா?"

"கடல் காத்துமா, உப்பு புட்ச்சிகினு கீது. ஒண்ணும் பயமில்ல" என்றேன்.

அவர் மகளின் பக்கம் திரும்பினார். "அண்ணைக்கு நெத்தி வீங்கிட்டு வந்தியே. பள்ளிக்கூடத்துல விளுந்துட்டேன்னு சொன்ன?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா கதவைத் திறந்தார். "எறங்குங்க. நடந்து போவோம்." உங்கள் அக்கா மட்டும் அசையாமல் என் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீயுந்தான் புள்ள. ஒன்ன மட்டும் இதுல விட்டுட்டா போவேன்?"

கேட் திறந்ததும், மூன்று பிள்ளைகளையும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு அவர் நடந்தார். நான் காலி வண்டியை அவர்களுக்குப் பின்னால் மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். முந்திப்போகவும் மனம் வரவில்லை, நின்றுவிடவும் முடியவில்லை. மாட்டுவண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா, டிரைவரு மட்டும் தனியா சவாரி போறே?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அன்றைக்கே சக்கரத்தைக் கழற்றினேன். லைனிங் தேய்ந்து, அதைப் பதித்திருந்த ஆணித்தலை வெளியே வந்திருந்தது. ஆணி உரசி உரசி, சக்கரத்தோடு சுழலும் டிரம் முழுக்கக் கோடு விழுந்திருந்தது. பிரேக் கடிக்கிறது என்று நான் நம்பிய சத்தம் இரும்பும் இரும்பும் உரசியதுதான். மிதி கீழே இறங்கினால் அது ஒரு சேதி. திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டியிருந்தால், கத்தினால், நிறுத்தும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால், எல்லாம் அதே சேதிதான். எனக்கு அத்தனையும் வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்: உப்புக் காற்று, மணல், பழைய வண்டி.

சாயங்காலம் உங்கள் அக்காவிடம் கேட்டேன். "உனக்குப் பயமா இல்லியாம்மா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உனக்கு வேலை பூடும்னு அந்த அக்கா சொல்லிச்சு நைனா. அதான் யாராண்டையும் சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சிகினோம்."

என் வேலையைக் காப்பாற்றுவதற்காக முதலாளியின் மகள் நெற்றி வீக்கத்துக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். மூன்று பிள்ளைகள் பயந்துகொண்டே அந்த வண்டியில் வந்திருக்கிறார்கள். நான் அவர்களோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

புது லைனிங் போட்டாயிற்று. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் உங்கள் அக்காவை முதலில் ஏற்றிக்கொண்டு போய், வண்டியை முதலாளி வீட்டு வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளியின் மனைவி வெளியே வந்து, என்னைத் தாண்டி, உள்ளே இருந்த உங்கள் அக்காவிடம் கேட்டார்: "ஏ புள்ள, வண்டி நிக்குதா?"

"நிக்குதும்மா."

அதற்குப் பிறகுதான் தன் பிள்ளைகளை ஏற்றினார். தினமும் அப்படியே. சின்னப் பெண்ணிடம் என் பிரேக்குக்குச் சாட்சி கேட்கிறார், நான் பக்கத்தில் நிற்கிறேன். ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நிக்கலன்னா நிக்கலன்னு சொல்லணும். என் மூஞ்சியப் பாக்காத" என்றேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை வண்டி நிற்கும்போது இடது பக்கம் லேசாக இழுத்தது. தண்ணீரில் நனைந்திருக்கும், போகப் போகக் காய்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் முதலாளியம்மா வழக்கம்போலக் கேட்டார். உங்கள் அக்கா தன் மடியையே பார்த்துக்கொண்டு, "இன்னிக்கு ஒரு பக்கமா இழுக்குதும்மா" என்றாள்.

அவர்கள் குடை பிடித்துக்கொண்டு நடந்தே போனார்கள். நான் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பிரேக் ஆயில் கசிந்து லைனிங்கில் ஊறியிருந்தது. மத்தியானம் முதலாளி வீட்டுக்குப் போய், என் பெண் சொன்னதுதான் சரி, நான் மழைத்தண்ணீர் என்று நினைத்தது தப்பு என்று முதலாளியின் மனைவியிடம் நானே சொன்னேன். அவர், "சரிப்பா" என்றார்.

வண்டி சரியாகி வந்த அன்று காலையிலும் அவர் உங்கள் அக்காவிடம்தான் கேட்டார்.