கற்பூரம் அணையாத இடம்

எங்கள் வீட்டுப் பூசை அலமாரியில், முருகன் படத்தில் சாய்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துண்டுத்தாள் இருக்கிறது. இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்த கருப்பு; அந்தக் கருப்புக்கு நடுவே வெள்ளையாகத் தெரியும் சில எண்கள். புதிதாக வருகிறவர்கள் ஏதோ மந்திரத் தகட்டின் நகல் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு. எங்கள் ஜீப்பின் அடிச்சட்டத்தில் கொத்தியிருந்த சேஸ் நம்பர் அது என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தத் தாளை முதன்முதலில் பார்த்த அன்றே, அதைப் பிடித்திருந்தது திருட்டுக் கை என்று மனதுக்குள் முடிவு கட்டியவன் நான். அதற்காகவே அதைச் சாமியிடம் வைத்திருக்கிறேன்.

ஜீப் அப்பா வாங்கியது. ஆயக்குடியிலிருந்து கொய்யாக் கூடையோடு மலையேறி வந்தவர், கொடைக்கானலிலேயே தங்கிவிட்டார். எஸ்டேட் ஒன்றில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஜீப்பை வாங்கி, காலமெல்லாம் அதில் கேரட்டும் பீன்ஸும் பூண்டும் ஏற்றி இறக்கினார். என்னைவிட அதற்கு வயது அதிகம். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பூசை உண்டு. எங்கள் மேட்டில் காற்று ஒரு நேரம் சும்மா இருக்காது. பானெட்டில் கற்பூரம் வைத்தால் ஏற்றின கையை எடுப்பதற்குள் அணைந்துவிடும். அப்பாதான் ஓர் இடம் கண்டுபிடித்தார். முன் பம்பருக்குப் பின்னால், வலது சக்கரத்தின் ஓரமாக, சேஸின் இரும்புச் சட்டம் தட்டையாக ஓடுகிறது. அங்கே காற்றும் படாது, மழையும் படாது. அதில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அறுத்த எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து, பக்கத்தில் கற்பூரம் ஏற்றுவார். "ஏலே, இது அவன் ஒக்காந்த எடம்டா. அணையாது பாரு" என்பார். அணையாது. அப்பா போன பிறகு நான் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூட விட்டதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வாழ்க்கையில் கைவந்த ஒரே ஒழுங்கு அதுதான்.

மேஸ்திரி என்று நாங்கள் கூப்பிடுவது எங்கள் ஜீப்பை ரிப்பேர் பார்த்த மெக்கானிக்கை. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் வண்டிகளைப் பல வருடம் பார்த்துவிட்டு, ஏரிக்கு மேலே சரிவில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். கழுத்தில் கருப்புக் கயிற்றில் ஒரு சிலுவை, காதில் எப்போதும் ஒரு கட்டைப் பென்சில். அதிகம் பேச மாட்டார். பேசாத ஆளைக் கண்டால் எனக்கு அன்றும் நம்பிக்கை வராது, இன்றும் வராது.

அப்பாவின் கடைசிக் காலத்தில், பதினைந்து வருடத்துக்கு முன்னால், ஆர்.சி. புக்கைப் புதுப்பிக்க வண்டி அவர் பட்டறைக்குப் போனது. டீ வாங்கிக்கொண்டு திரும்பிய நான், மேஸ்திரி வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதையோ தேய்ப்பதைப் பார்த்தேன். எழுந்தபோது கையில் இரண்டு துண்டுத்தாள். இரண்டிலும் ஒரே நம்பர். ஒன்றை அப்பாவின் காகிதங்களோடு சேர்த்தார். இன்னொன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது எதுக்கு மேஸ்திரி?"

"எங்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்ணே."

அவ்வளவுதான் பதில். அந்தப் பதில் என் தொண்டையில் முள் மாதிரி நின்றது. அதே வாரம் மார்க்கெட் டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "பழைய ஜீப்போட நம்பர் கெடச்சாப் போதும்யா. திருட்டு வண்டிக்கு அடிச்சு ஓட்டிருவானுக. கடசில போலீஸ் ஒங்க வாசல்லதான் வந்து நிக்கும்." அவர் பொதுவாகத்தான் சொன்னார். எனக்கு மேஸ்திரியின் சட்டைப் பை கண்முன்னால் வந்தது.

பிறகு அப்பா போனார், ஜீப்பின் காகிதங்களும் காலாவதியாகிப் போயின. வண்டி ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பழைய இரும்பு எடுக்கிறவர் மாதம் ஒருமுறை வந்து, நோயாளியை நலம் விசாரிப்பதுபோல அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அந்த நேரத்தில், நான் கூப்பிடாமலேயே, மேஸ்திரி வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, அம்பது வருசம் தாண்டின வண்டிக்குத் தனி ரிஜிஸ்ட்ரேசன் வந்திருக்கு. வின்டேஜ்னு. பிளேட்டுல வி.ஏ.ன்னு ரெண்டெழுத்து போட்டுத் தருவாங்க. லீகலா ரோட்டுல எறக்கலாம்."

"லோடு அடிக்கலாமா?"

"கூடாது. வாடகைக்கும் கூடாது, தெனசரி சோலிக்கும் கூடாது. பழைய வண்டிக் கண்காட்சி, ஊர்வலத்துக்குப் போகலாம். பெட்ரோல் போடப் போகலாம், ரிப்பேருக்குப் போகலாம்."

"பழனிக்கு?"

"முருகன் கண்காட்சி வச்சாருன்னா போகலாம்ணே."

அவர் சிரித்தார், என் மனைவியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டவே முடியாத வண்டிக்காக இந்த ஆள் எதற்கு இவ்வளவு அலைய வேண்டும்? ஆனால் விட்டால் ஜீப் இரும்புக் கடைக்குத்தான் போகும். அப்பாவின் கை பிடித்துப் பிடித்து வழுவழுப்பான ஸ்டீயரிங்கை ஒருவன் எடை போடுவதை நினைக்க முடியவில்லை. முருகன்மேல் பாரத்தைப் போட்டுச் சரி என்றேன்.

சரி என்றேனே தவிர, கண்ணை எடுக்கவில்லை. வண்டி பட்டறைக்குப் போவதற்கு முந்தின நாள் கார்புரேட்டரில், டைனமோவில், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து சக்கரத்திலும் ஆணியால் சின்னக் கீறல் போட்டு வைத்தேன். தினமும் சாயங்காலம் போய், ஏதோ பேச வந்தவன்போல நின்று, கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். வண்டி பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அப்பா மாற்றிப் போட்டிருந்த முன்விளக்கைக் கழற்றிவிட்டு அசலான விளக்கைத் தேடி மேஸ்திரி வத்தலக்குண்டு வரை போய் வந்தார். வேறு யாருக்கு எதைக் கொண்டுபோனாரோ என்று அதையும் சந்தேகப்பட்டேன். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒருநாள் நான் கேட்காமலேயே தன் டூல்ஸ் பையை என் காலடியில் கவிழ்த்துக் கொட்டினார். "வெரசாப் பாத்துக்கங்கண்ணே. எனக்கு ஆறரைக்கு ஜெபம் இருக்கு." பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கூசாமல் பார்த்தேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் சோதனைக்கு டாக்சிகள் நிற்கும் மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். வண்டியைச் சோதிக்கிற அதிகாரியை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். அவர் காகிதங்களைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், முகம் மலர்ந்தே இருந்தது. பிறகு முன்பக்கம் குனிந்தார். துணியால் எதையோ துடைத்தார், டார்ச் அடித்தார், நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"சேஸ் நம்பர் எங்கய்யா? அந்த எடமே சொறி புடிச்ச மாதிரி இருக்கு. யாரு கை வச்சது?"

"பழைய வண்டி சார். துரு" என்றார் மேஸ்திரி.

"வண்டியில வேற எங்கயும் இப்பிடி இல்ல. துருவுக்கு நம்பர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமா?"

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டரின் விரல் எந்த இடத்தைக் காட்டியது என்று நான் பார்க்கவே இல்லை. நான் மேஸ்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருடம் தொண்டையில் இருந்த முள் அப்போது வெளியே வந்தது.

"என்னக் கேக்காதீங்க சார். இவரக் கேளுங்க. எங்க வண்டி நம்பர அன்னைக்கே பேப்பர்ல எடுத்துச் சட்டப் பையில போட்டவரு இவருதான். யாருக்கு வித்தாருன்னு கேளுங்க."

சுற்றி நின்ற டாக்சிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்தார், பார்த்தார், மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார். அதையும் குற்றத்துக்குச் சாட்சி என்றே எடுத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் இதுதான் அசல் நம்பர் என்று நிரூபிக்காவிட்டால் போலீசுக்கு எழுதுவேன், வண்டி ஸ்டேசனுக்குப் போய்விடும் என்றார்.

நடுவில் வெள்ளிக்கிழமை வந்தது. எவ்வளவு மனக்கஷ்டம் என்றாலும் பூசையை விட முடியுமா? வெள்ளனே குளித்து, சந்தனம் குழைத்து, வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். "முருகா, இதுல துரோகம் பண்ணுனது யாருன்னு காட்டிக்குடு" என்று வாய்விட்டே சொன்னேன். கை பழகின பாதையில் பம்பருக்குப் பின்னால் போய்ச் சந்தனத்தைப் பூசியது. விளக்கோடு பக்கத்தில் நின்ற மனைவி குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, இன்ஸ்பெக்டர் சொறி புடிச்ச மாதிரின்னாருல்ல, அது எந்த எடம்?"

குங்குமம் வைக்கப் போன என் கட்டைவிரல் ஒரு பள்ளத்தில் இருந்தது. அந்தப் பள்ளம் என் விரலுக்குப் புதிதில்லை. சந்தனத்தை வழித்துவிட்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். இரும்பு அரித்துப்போய்க் கிடந்தது. ஓரத்தில் ஓர் எண்ணின் வால் மட்டும் மிச்சம். எத்தனை வருடத்து எலுமிச்சைச் சாறு, எத்தனை கற்பூரச் சூடு, எத்தனை ஈரச் சந்தனம். அப்பா கொஞ்சம், நான் மிச்சம். முருகன் உடனே காட்டிக்கொடுத்துவிட்டான். அவ்வளவு சீக்கிரம் வேண்டாம் என்றிருந்தது எனக்கு.

"கற்பூரம் ஏத்தலையாங்க?" என்றாள் மனைவி. அன்று ஏற்றவில்லை.

பட்டறைக்கு நடந்தேன். மேஸ்திரி ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. அந்தக் கால்களிடம்தான் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஸ்பானர் திருகும் சத்தம் நின்றது. வெளியே வந்தார், கையைத் துடைத்தார், உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். அவர் பார்த்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டுத்தாள். எங்களுடையதை உருவிக் கொடுத்தார்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேஸ்திரி?"

"தெரியும்ணே."

"அங்க வச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தன பேருக்கு முன்னாடி, நீங்க சாமி கும்புட்டதாலதான் அழிஞ்சதுன்னு நான் சொல்றதா? நான் சர்ச்சுக்குப் போறவன். அது நல்லா இருக்குமாண்ணே?" என்றார். நோட்டை மூடிக்கொண்டே, "முன்னாடியே சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். தாளை வாங்கிக்கொண்டு சரிவில் இறங்கும்போதே, முன்பே தெரியும் என்பதும் சொல்ல நினைத்தேன் என்பதும் சும்மா சமாளிப்போ என்று ஒரு நினைப்பு வந்தது. மன்னிப்புக் கேட்ட ஈரம் வாயில் காயவில்லை, அதற்குள் அந்த நினைப்பு. என் குணம் அப்படி.

இன்ஸ்பெக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். இரும்பில் மிஞ்சிய வாலும், தாளில் இருந்த எண்ணும், ஆபீஸின் பழைய பதிவேடும் ஒத்துப்போயின. என்ன நடந்தது என்று நானே சொன்னேன், அதே மைதானத்தில், அதே டாக்சிக்காரர்கள் காதுபட. "இத்தன வருச சர்வீசுல சாமியே நம்பர அழிச்சு நான் பாத்ததில்ல" என்றார் இன்ஸ்பெக்டர். முறைப்படி அனுமதி வாங்கி, அதே நம்பரைப் பக்கத்தில் புதிதாகக் கொத்த வைத்தார். கொஞ்ச நாளில் வி.ஏ. போட்ட பிளேட் வந்தது. மேஸ்திரியே அதை மாட்டினார். தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்கங்கண்ணே. எங்கிட்ட இருந்தா ஒங்களுக்குத் தூக்கம் வராது" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

போன ஐப்பசி மழையில் மேஸ்திரி இறந்துபோனார். ஷெட்டில் ஜீப் தயாராக நின்றது. அவர் கைபட்ட வண்டியிலேயே போய் இறங்க வேண்டும்போல இருந்தது. சாவியைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் விதியில் அடக்கத்துக்குப் போக இடமில்லை. அந்த விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான் பெட்டிக்குள் கிடக்கிறார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் குடை பிடித்து நடந்தே போனேன். சர்ச்சின் கடைசி வரிசையில் நின்றேன். மற்றவர்கள் ஜெபம் சொன்னபோது எனக்குத் தெரிந்த கந்தன் பெயரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம், தாள் நைந்துபோகிறதே என்று உறை போட ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த பெண் கேட்டாள்: "ரெண்டு பக்கமும் தெரியிற மாதிரி போடவாண்ணே? பின்னாடியும் எழுதியிருக்கே."

இத்தனை நாள் நம்பரைத்தான் பார்த்தேனே தவிர, ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அதே கட்டைப் பென்சில். அப்பா உயிரோடு இருந்த வருடத்தின் தேதி. அதன் கீழே, மங்கின எழுத்தில்: 'கற்பூரம் இந்த எடத்துலதான் ஏத்துறாங்க. நம்பர் போயிரும். அண்ணன்கிட்ட மனசு நோகாம சொல்லணும்.'

இப்போது வெள்ளிக்கிழமைகளில் வண்டிக்கு முன்னால் ஒரு தட்டில்தான் கற்பூரம் ஏற்றுகிறேன். பாதி நாள் காற்றில் அணைந்துவிடுகிறது. மறுபடி ஏற்றுகிறேன். பிறகு வீட்டுக்குள் வந்து அலமாரி முன்னால் நிற்கிறேன். எண்கள் இருக்கிற பக்கம் வருகிறவர்கள் பார்க்கும்படி வெளியே இருக்கிறது. எழுத்து இருக்கிற பக்கத்தை முருகனைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன்.